காற்று வெளியேறும் வழி

பந்தயத் தடத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில், நாடாக் கட்டில் ஒன்றில் சுகந்தி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். கொட்டகைக்குள் ஒரு காகிதம்கூட அசையவில்லை. ஆனால் அவள் நெஞ்சில் காற்று வந்து மோதிக்கொண்டிருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்கி வருகிற ஆடி மாதத்துக் காற்று, கார் ஓடுகிற வேகத்தில்.

"என்னம்மா தெரியுது?" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து ஜெபராஜ் கேட்டார்.

"வாயத் தொறந்துதான் வெச்சிருக்கேனுங்க சார். காத்து உள்ள வரமாட்டீங்குது. கன்னத்தோரமா வழுக்கிட்டுப் போயிருது."

"உள்ள வர்ற கொஞ்சம்?"

"வெளிய போக வழியில்லாம நெஞ்சுக்குள்ளயே சுத்துது. விருந்துல வயிறு நெறஞ்ச பொறவும் எலையில சோத்தப் போட்டுட்டே இருப்பாங்களே, அப்படி இருக்குது."

அவளுடைய பின்கழுத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் பட்டை ஒன்று ஒட்டியிருந்தது. வெளியே ஷாஹிதா ஓட்டிக்கொண்டிருந்த நீலக் காரின் முகப்பிலும் பானட்டின் மேலும், அதற்கு அடியில் இன்ஜின் அறையின் சுவர்கள் முழுக்கவும், வெங்காயச் சருகு போன்ற மெல்லிய படலம் பூசப்பட்டிருந்தது. அந்தப் படலத்தின்மேல் படுகிற காற்றும் சூடும் பட்டை வழியாக சுகந்தியின் உடம்புக்கு வந்து சேரும். இன்ஜினின் கொதிப்பு அப்படியே வராது. வெயிலில் நிற்கிற அளவுக்குக் குறைந்துதான் வரும். காரின் முகப்பு அவளுக்கு முகமாகும். இன்ஜின் அறை மார்புக்கூடாகும்.

படலத்தைக் கண்டுபிடித்தவர் ஜெபராஜ். நரம்பியல் மருத்துவராக இருந்தவர். தீக்காயத்தில் தோல் போனவர்களுக்குத் தொடு உணர்வைத் திருப்பித் தர வேண்டும் என்றுதான் அதைத் தொடங்கினார். நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்க எந்த மருத்துவமனையும் இடம் கொடுக்கவில்லை. பந்தயக்காரர்கள் கொடுத்தார்கள்.

ஷாஹிதாவுக்கு அப்போது வேறு போக்கும் இல்லை. பொள்ளாச்சிப் பெண், வளைவுகளில் அவளைப் போல ஓட்ட அந்த வட்டாரத்தில் ஆளில்லை என்று எதிரணிக்காரர்களே சொல்வார்கள். ஆனால் ஆறேழு சுற்றுக்குள் கார் கொதித்துவிடும். இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். பின்னால் வந்தவர்கள் எல்லாம் அவளைத் தாண்டிப் போவார்கள். இன்ஜின் அறையின் சூடு தடுப்புச் சுவரைத் தாண்டி வந்து அவளுடைய பாதங்களைப் பொசுக்கும். ஒவ்வொரு பந்தயம் முடிந்தும் காலணியைக் கழற்றும்போது கொப்புளம் இருக்கும். பெரிய ரேடியேட்டர் வாங்கி மாட்டிப் பார்த்தார்கள். நிலைமை இன்னும் மோசமானது.

சுகந்தி அந்த அணியின் பொறியாளர். அதற்கு முன் பத்து வருஷம் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் தண்ணீர் ஓடும் பாதைகளை வடிவமைத்தவள். காற்றும் ஒருவகைத் தண்ணீர்தான் என்று நினைத்து இந்த வேலைக்கு வந்தாள். கணினித் திரையில் சிவப்பும் நீலமுமாகக் காற்று ஓடுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டாள். திரையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. தடத்தில் கார் கொதித்தது. படலத்தை யார் உடம்பில் சோதிப்பது என்று ஜெபராஜ் கேட்டபோது, முதலில் கையைத் தூக்கியவள் அவள்தான்.

முதல் நாளே விடை கிடைத்தது. ரேடியேட்டரைச் சுற்றி விரல் நுழைகிற இடைவெளிகள் இருந்தன. காற்று கஷ்டப்பட்டு ரேடியேட்டருக்குள் புகுந்து போவதற்குப் பதில், சுலபமான அந்த வழியே நழுவிப் போனது. சுகந்தி எல்லா இடைவெளிகளையும் நுரை ரப்பர் வைத்து அடைத்தாள். பிறகு வெளியேறும் வழி. பானட்டின் பின்கோடியில், முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் திறப்பு வைக்கலாம் என்று மெக்கானிக்குகள் சொன்னார்கள்.

"அங்க வேண்டாங்க," என்றாள் சுகந்தி. "கண்ணாடியில மோதற காத்து அங்க சேந்து நிக்குது. அங்க ஓட்டை போட்டா, பிடரியில யாரோ கைய வெச்சு அமுக்கற மாதிரி உள்ளதான் வரும். இன்னும் முன்னாடி, ரேடியேட்டருக்கு ஒரு முழம் பின்னால போடுங்க. அங்க வெளிய இருந்து ஏதோ உறிஞ்சற மாதிரி இருக்குது."

அங்கேயே மீன் செவுள் போல வரிசையாகத் திறப்புகள் வெட்டினார்கள். அடியில் தட்டு ஒன்றைப் பொருத்தி, காற்று தரையில் சிதறாமல் பின்னால் ஓட வைத்தார்கள். புகைக்குழாய்க்குச் சூடு தாங்கும் துணியைச் சுற்றினார்கள். அடுத்த ஓட்டத்தில், கட்டிலில் படுத்திருந்த சுகந்தியின் வாய் வழியாகக் காற்று நேராக உள்ளே வந்தது. நுரையீரலை நிறைத்தது. நெஞ்சின் மேல்பக்கமாக, துணி உருவுவது போல மெதுவாக வெளியே போனது. அவள் கண்ணோரத்தில் நீர் வழிந்ததை ஜெபராஜ் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்லீங்க சார். மூச்சு விட முடியுது."

அந்த மாதப் பந்தயத்தில் ஷாஹிதா கடைசிச் சுற்று வரை வேகம் குறையாமல் ஓடி இரண்டாவதாக வந்தாள். காலணியைக் கழற்றிப் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கொப்புளம்கூட இல்லை.

"அக்கா, உள்ள ஏசி போட்ட மாதிரி இருந்துச்சுக்கா," என்றாள்.

வேலை அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் சுகந்தி கட்டிலுக்குத் திரும்பித் திரும்பி வந்தாள். இன்னும் சரிசெய்ய வேண்டியது இருக்கிறது என்று காரணம் சொன்னாள். இருக்கவும் செய்தது. ஆனால் அது மட்டும் இல்லை. விடியற்காலையில் தடத்தில் பனி இறங்கியிருக்கும்போது ஓடினால் உடம்பெல்லாம் ஈரப் பஞ்சால் ஒற்றியெடுப்பது போல இருக்கும். திடீரென்று தூறல் விழுந்தால், சூடான குழாயில் ஒவ்வொரு துளியும் ஆவியாகும் இடம் அவள் விலாவில் சின்னச் சின்னக் கூச்சமாகத் தெரியும். நேரான பாதையில் ஷாஹிதா முழு வேகத்துக்குப் போகும்போது சுகந்திக்குத் தன் எடை இருப்பதே மறந்துவிடும். நாற்பது வயதில், இரண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போகிற ஒருத்திக்கு, உடம்பு இவ்வளவு பெரிதாகவும் இவ்வளவு லேசாகவும் இருக்க முடியும் என்று யாரும் சொன்னதில்லை. பட்டையை எடுத்ததும் உலகம் ஒரு பழைய போர்வைக்குள் போய்விட்டது போல இருக்கும்.

அவளுடைய கணவர் மயில்சாமி, ஒண்டிப்புதூரில் பேக்கரி வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் அதிகமாக இருந்ததால் சுகந்தி உதவிக்கு நின்றாள். அடுப்பிலிருந்து வந்த தட்டை அவள் வெறுங்கையால் தூக்கி, நிதானமாக நடந்து வந்து, கண்ணாடிப் பெட்டிக்குமேல் வைத்தாள். பன்னை எடுத்துக்கொண்டிருந்த மயில்சாமி அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மிணி, கையக் காட்டு."

அவள் காட்டினாள். உள்ளங்கையில் தட்டின் விளிம்பு வெள்ளையாகப் பதிந்திருந்தது. அவர் அவளை இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் கையை நீட்டிப் பிடித்தார்.

"சுடலையா உனக்கு?"

"கனமா இருந்துச்சு. சூடு தெரியலீங்க."

"எப்ப இருந்து?"

யோசித்தபோதுதான், கொஞ்ச நாளாகக் குளிக்கிற தண்ணீர் வெந்நீரா பச்சைத் தண்ணீரா என்று தெரியாமலே ஊற்றிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. காப்பி ஆறிவிட்டதா என்று ஆவியைப் பார்த்துத்தான் குடித்தாள். மயில்சாமி தூக்கத்தில் கையைப் போட்டால், ஏதோ வந்து படுகிறது என்பது மட்டும் தெரிந்தது.

ஜெபராஜ் அவளைச் சோதித்துப் பார்த்தார். வெந்நீரில் நனைத்த துணி, பனிக்கட்டி, ஊசிமுனை. முடித்ததும் வெகுநேரம் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மூளையில தோலுக்குன்னு ஒரு இடம் இருக்கும்மா. அளவான இடம். அதுல இப்ப கார் குடி வந்திருக்கு. உன் தோல் இருந்த எடத்தக் கொஞ்சங் கொஞ்சமா அது எடுத்துக்கிட்டு இருக்கு."

"திரும்பி வருமுங்களா?"

"இப்ப நிறுத்தினா ஓரளவுக்கு வரலாம். தொடர்ந்தா எனக்குத் தெரியாது. தோல் இல்லாதவங்களுக்குத்தான் நான் இத யோசிச்சேன். அவங்க மூளையில அந்த இடம் காலியா இருக்கும். இருக்கிறவங்ககிட்ட என்ன செய்யும்னு நான் யோசிக்கல. யோசிச்சிருக்கணும்."

அப்போது இறுதிப் பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. பானட்டின் செவுள்களை அசைகிற மடல்களாக மாற்றியிருந்தார்கள். படலத்தைக் கொஞ்சம் மாற்றியதில், அது இரண்டு பக்கமும் பேசியது. சுகந்திக்கு எங்கே புழுங்குகிறதோ அங்கே மடல் தானாக விரியும். குளிர்ந்தால் மூடி, காரின் மேல் காற்று வழுக்கிப் போக வழிவிடும். வியர்ப்பதற்கு யாரும் யோசிப்பதில்லை, அதுபோலத்தான். ஒரு கணினி தீர்மானிப்பதற்குள் அவள் உடம்பு அதைச் செய்து முடித்திருந்தது. ஆனால் அதற்குப் பந்தயம் முழுவதும் அவள் கட்டிலில் படுத்திருக்க வேண்டும்.

"இந்த ஒண்ணு மட்டுமுங்க சார்," என்றாள் சுகந்தி. "ஷாஹிதாகிட்ட சொல்ல வேண்டாம்."

ஜெபராஜ் வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தார். சொல்லவில்லை. அவருக்கும் அந்த மடல்கள் விரிவதைப் பார்க்க ஆசை இருந்தது.

பந்தயத்தன்று காலையில் மயில்சாமி ஒரு பெட்டி நிறையத் தேங்காய் பன் கொண்டுவந்து அணிக்கெல்லாம் கொடுத்தார். மற்றவர்கள் நகர்ந்த பிறகு ஷாஹிதாவிடம் மெதுவாகச் சொன்னார். "நீ ஜெயிக்கோணும் கண்ணு. ஆனா உங்கக்காவுக்குக் கையில சூடு சொரணை போயிருச்சு. எங்கிட்டச் சொல்ல மாட்டீங்கறா. நீ கேட்டியின்னா சொல்லுவா."

ஷாஹிதா நேராகக் கொட்டகைக்கு வந்தாள். சுகந்தி கட்டிலில் உட்கார்ந்து பின்கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அண்ணன் சொன்னது நெசமா?"

"பந்தயம் முடியட்டும், பேசலாம்."

"எனக்காகவாக்கா இதச் செய்யறீங்க?"

சுகந்தி பட்டையை விரல்நுனியில் ஒட்டி எடுத்தாள். பொய் சொன்னால் சுலபமாக முடிந்துவிடும்.

"மொதல்ல உனக்காகத்தான். இப்ப இல்ல. எனக்கு அங்க இருக்கத்தான் புடிச்சிருக்குது."

ஷாஹிதா தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் பந்தயத்தைப் போல சுகந்தி எதையும் அனுபவித்ததில்லை. வளைவில் திரும்பும்போது இடது விலாவில் மடல்கள் விரிவது, புறா இறகைக் கோதுவது போல இருந்தது. நேர்ப்பாதையில் அவை மூடிக்கொள்ளும்போது அவள் ஒரே ஒரு வழவழப்பான வளைகோடாக இருந்தாள். எதிர்க் கார்களின் பின்னால் சுழல்கிற சூடான காற்று முகத்தில் அறையும். உடனே விலகிக் குளிர்ந்த காற்றுக்குள் போவாள். விலகியது தானா ஷாஹிதாவா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பாதித் தூரத்தில் நீலக் கார் முதலிடத்துக்கு வந்ததை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவள் அதைக் கேட்கவில்லை. முன்னால் யாருடைய காற்றும் இல்லாததால் அவளுக்கே தெரிந்தது.

பிறகு எல்லாம் நின்றது.

காற்று இல்லை. சூடு இல்லை. விலா இல்லை. சுகந்தி கண்ணைத் திறந்தாள். தகரக் கூரைக்குமேல் உச்சி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. அவளுக்குப் புழுக்கம் தெரியவில்லை. கட்டில் நாடா முதுகில் அழுந்துவது தெரியவில்லை. எங்கேயும் அவள் இல்லாதது போல இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் பயந்து கத்தினாள்.

"காரு நின்னுருச்சா? அவளுக்கு என்னாச்சு?"

"ஓடுதும்மா," என்றார் ஜெபராஜ். ஷாஹிதாவோடு பேசுவதற்காகக் காதில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றினார். "அவதான் அணைச்சிட்டா. காருக்குள்ள படலத்துக்கு ஒரு சுவிட்ச் இருக்குல்ல. சார், அக்காவ எழுப்பி வெளிய கூட்டிட்டு வாங்கன்னு சொல்றா."

சுகந்தி தடுமாறி வெளியே ஓடி வந்து தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நீலக் கார் கடந்து போனது. மடல்கள் பாதி திறந்தபடி அசையாமல் நின்றுவிட்டன. உள்ளே மறுபடி சூடு சேரத் தொடங்கியிருந்தது. ஷாஹிதா நேர்ப்பாதையின் முடிவுக்கு வெகு முன்பாகவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இன்ஜினை ஆற விட்டாள். ஒரு சுற்றுப் பின்தங்கி முன்னால் ஓடிய கார்களின் சூட்டை வாங்காமல் இருக்க ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினாள். ஒருவன் தாண்டினான். அடுத்த சுற்றில் இன்னொருவன். அவள் விடாமல் மூன்றாம் இடத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

காரிலிருந்து இறங்கியதும் அவளால் நிற்க முடியவில்லை. பாதங்கள் சிவந்து உப்பியிருந்தன. சுகந்தி அவளைத் தரையில் உட்கார வைத்து, குடத்துத் தண்ணீரைக் கால்களில் ஊற்றினாள்.

"தண்ணி ஜில்லுன்னு இருக்குதா ஷாஹிதா?"

"இருக்குதுக்கா," என்றாள் ஷாஹிதா. அதற்குப் பிறகுதான் இருவரும் அழுதார்கள்.

மூன்றாம் இடமே போதுமானதாக இருந்தது. ஒரு பெரிய அணி ஷாஹிதாவைத் தங்களுக்கு ஓட்ட அழைத்தது. நீலக் காரை விற்றார்கள். படலத்தைச் சுரண்டி எடுத்தால் சுவரும் சேர்ந்து வரும் என்பதால் அப்படியே விட்டார்கள். பட்டை இல்லாமல் அது வெறும் பூச்சுதான் என்றார் ஜெபராஜ்.

அதற்கிடையில் ஒரு கார் நிறுவனத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். சுகந்தி கண்டுபிடித்த வழிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள். படலத்தை வாங்கிக்கொண்டு, ஐம்பது பேரை வேலைக்கு எடுத்துக் கட்டிலில் படுக்க வைக்க வேண்டும் என்பது அவர்களுடைய திட்டம். படித்த பிள்ளைகள் தேவையில்லை, ஆரோக்கியமாக இருந்தால் போதும், வேலை இல்லாத ஊர்களில் ஆள் கிடைக்கும் என்றார் ஒருவர். அப்போது கொதிக்கக் கொதிக்க டீ வந்தது. அவர்கள் டம்ளரின் விளிம்பைப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தார்கள். சுகந்தி தன் டம்ளரை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவர்கள் பேசி முடிக்கிறவரை பொறுமையாகக் கேட்டாள்.

"மேடம், கை சுடலையா?" என்று கடைசியில் ஒருவர் கேட்டார்.

"இல்லீங்க. அதத்தான் உங்ககிட்டச் சொல்லலாம்னு இருக்கேன்."

அவர்கள் டீயைக் குடிக்காமலே எழுந்தார்கள். ஜெபராஜ் தன் படலத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் மருத்துவமனைகளின் கதவைத் தட்டக் கிளம்பினார். போகும்போது சுகந்தியிடம் மன்னிப்புக் கேட்டார். "நானாத்தானுங்க சார் கையத் தூக்குனேன்," என்றாள் அவள்.

மாதங்கள் போயின. சுகந்தி பேக்கரிக் கணக்கைப் பார்த்துக்கொண்டு, அடுப்பிலிருந்து புகை போகும் வழியை மாற்றியமைத்துக்கொண்டு இருந்தாள். மயில்சாமி தினமும் ஒரு பன்னை அவள் கையில் வைத்து, "சூடா, ஆறுனதா?" என்று கேட்பார். முதலில் எல்லாம் ஊகித்துச் சொன்னாள். பிறகு, நிறைய நாள் கழித்து, ஊகிக்காமல் சொன்னாள். விரல்நுனியில் தொடங்கிச் சூடு அவளுக்குத் திரும்பி வந்தது. ஒரு மழைநாளில் சாரல் முகத்தில் பட்டபோது, "குளிருதுங்க," என்று சொல்லிவிட்டு, அதைச் சொன்னதற்காகவே சிரித்தாள்.

தை மாதத்தில் ஒரு மத்தியானம், கல்லாவில் உட்கார்ந்திருந்தபோது இடது விலாவுக்குக் கீழே ஊதுபத்தி நுனி பட்டது போலச் சுரீரென்றது. சேலையை விலக்கிப் பார்த்தாள். தோலில் ஒன்றும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தைக் கவனித்தாள். ஈரமான, மெல்லிய, குளிர்ந்த காற்று, ஏற்றம், வளைவு, மறுபடி வளைவு. அந்தக் குளிருக்கு நடுவே ஒரு பொட்டுச் சூடு. அந்த இடம் எது என்று அவளுக்குத் தெரியும். புகைக்குழாய்க்கு மேல், தகட்டின் மடிப்பில்.

காரை வாங்கியவர்கள் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருந்தார்கள். அவர்களுடைய போன் எண்ணைத் தேடி எடுத்து அழைத்தாள். ஒரு பெண் எடுத்தாள்.

"வணக்கங்க. அந்த நீலக் காரு ஓடுதுங்களா இப்ப?"

"நான்தாங்க ஓட்டிட்டு இருக்கேன். நீங்க யாரு?"

"ஓரமா நிறுத்துங்க. நிறுத்தி பானட்டத் தொறந்து, இடது பக்கம் பாருங்க. தண்ணி இருந்தா எடுத்துக்குங்க. கைய உள்ள விட்றாதீங்க."

கார் நின்றது அவளுக்குப் போனில் கேட்பதற்கு முன்பே தெரிந்தது. கதவுச் சத்தம். பானட் திறக்கும் சத்தம். அவள் நெஞ்சின்மேல் மலைக்காற்று விரிந்து பரவியது.

"அய்யோ, புகையுதுங்க. சருகு. மேல இருக்கற ஓட்டை வழியா உள்ள விழுந்து ஒரு கூடு மாதிரி சேந்திருக்கு. ஓரத்துல கனியுது."

அந்தத் திறப்புகளை வெட்டச் சொன்னது சுகந்திதான். காற்று போகும் வழியை மட்டும் யோசித்தவள், மரங்களுக்கு அடியில் கார் நிற்கும் என்று யோசிக்கவில்லை.

"தண்ணி ஊத்துங்க. மெதுவா."

விலாவில் குளிர்ச்சி பரவியது. சுகந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஊத்திட்டேன். முழுசா அணைஞ்சிருச்சான்னு தெரியலீங்களே."

"அணைஞ்சிருச்சு," என்றாள் சுகந்தி. "அந்தத் திறப்புக்கெல்லாம் ஒரு கம்பி வலை அடிச்சிருங்க."

மறுமுனையில் பானட்டை மூடுகிற சத்தம் கேட்டது. "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"நான் அந்த வண்டியில வேல பாத்தவ," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மயில்சாமி கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். பேசியதெல்லாம் அவருக்குக் கேட்டிருந்தது. என்ன நடந்தது என்பதும் புரிந்திருந்தது. டாக்டரைக் கூப்பிடலாமா என்று கேட்க வாயெடுத்தவர், மாவு படிந்த கையை நீட்டி அவள் புறங்கையின்மேல் வைத்தார்.

"இது தெரியுதா அம்மிணி?"

"தெரியுதுங்க," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "உங்க கை சூடா இருக்குது. கொஞ்சம் இருங்க, அவங்க வண்டிய எடுக்கட்டும்."